1789 ஏன், 1775 ஏன் இல்லை? பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை அலசி எழுதும் முறை

பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் என்ன என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும்: மன்னரின் எதேச்சதிகாரம், அரண்மனை ஆடம்பரம், சமமற்ற வரி, தத்துவவாதிகளின் எழுத்து, பஞ்சம். ஐந்தும் உண்மைதான். ஆனால் தலைப்பில் 1789 என்பதை அழித்துவிட்டு 1775 என்று எழுதினாலும் அந்தப் பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. அந்த ஆண்டு புரட்சி வரவில்லையே! மக்கள் அவதிப்பட்டார்கள் என்பதைப் பட்டியல் காட்டுகிறது. அவர்கள் ஏன் அந்தக் கோடையில் எழுந்தார்கள், எழுந்தவர்களை அடக்க அரசால் ஏன் முடியவில்லை என்ற இரண்டு கேள்விகள் அப்படியே நிற்கின்றன. கட்டுரையோ வகுப்புக் குறிப்போ, இந்த இரண்டுக்கும் விடை தேடும்படி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நிகழ்வுக்குக் காரணம் தேடுகிறீர்கள்?

பாதிக் கட்டுரைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 1789இல் மன்னராட்சியை ஒழிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்த ஆண்டு ஊர் ஊராக எழுதி அனுப்பிய குறைதீர் மனுக்களில் பெரும்பாலானவை மன்னர்மேல் அன்பும் விசுவாசமும் சொல்லித்தான் தொடங்கின. மன்னராட்சி ஒழிக்கப்பட்டது 1792 செப்டம்பர் 21 அன்று. இடையில் 1791 ஜூனில் பதினாறாம் லூயி குடும்பத்தோடு தப்பியோடி வரென் என்ற ஊரில் பிடிபட்டார். 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவோடு போர் மூண்டது. ஆகஸ்ட் 10 அன்று துய்லெரி அரண்மனை தாக்கப்பட்டது. அவை வேறொரு கேள்விக்கான காரணங்கள். 1789இன் காரணங்களை எழுதும்போது முடிவுத் தேதியாக 1789 அக்டோபர் 6ஐ, அதாவது முந்தைய நாள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்துபோன பாரிஸ் பெண்கள் மன்னரை நகரத்துக்கு அழைத்துவந்த நாளை, வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் நடந்த எதையும் காரணமாக எழுதாதீர்கள்.

அடுத்து ஒரு பெரிய தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் காரணம். இரண்டாவதில் தேதி. மூன்றாவதில் அது யாரை உசுப்பியது. நான்காவதில் அவர்கள் என்ன செய்தார்கள். தேதி போட முடியாதவற்றைப் பென்சிலால் எழுதுங்கள், தேதி உள்ளவற்றைப் பேனாவால் எழுதுங்கள். நான்காவது கட்டம் காலியாக இருக்கும் எந்த வரியும் இன்னும் காரணம் ஆகவில்லை. அது அப்போதைய நிலவரம் மட்டுமே. இதைச் செய்யாமல் எழுதினால் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கைதான் காரணம் என்று சாதிக்க வேண்டிவரும்.

கஜானாவில் தொடங்குங்கள்

மக்கள் துயரத்தில் தொடங்குவதுதான் வழக்கம். கஜானாவில் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் மன்னரின் கையை முதலில் கட்டிப்போட்டது அதுதான். 1788ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு கிடைத்திருக்கிறது. செலவு 62.9 கோடி லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). வரவு 50.3 கோடி. துண்டு விழுந்தது 12.6 கோடி. செலவைப் பிரித்துப் பார்த்தால் கடனுக்கு மட்டும் 31.8 கோடி போனது, சரிபாதி. ராணுவத்துக்கும் வெளியுறவுக்கும் சுமார் 16.5 கோடி. அரண்மனைக்கு 3.6 கோடி.

அந்தக் கடைசி எண்ணின் அருகில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மொத்தச் செலவில் அது 6 சதவீதம்கூட இல்லை. மரி அன்துவானெத்தின் உடைகளையும் நகைகளையும் விருந்துகளையும் சேர்த்து அரண்மனையையே இழுத்து மூடியிருந்தாலும் 9 கோடி லிவர் துண்டு விழுந்திருக்கும். ராணியின் ஆடம்பரம் மக்கள் கண்ணை உறுத்தியது, மன்னர் குடும்பத்தின் மரியாதையைக் கெடுத்தது. அந்த அளவில் அதற்கு ஒரு வரி கொடுக்கலாம். கஜானா காலியானதற்கு அதைக் காரணம் காட்டினால் கணக்கு உதைக்கும். "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டுமே" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். பெயர் சொல்லாத ஒரு இளவரசி பேசியதாக ரூசோ அதை எழுதியது 1760களில்; அப்போது மரி அன்துவானெத் ஆஸ்திரியாவில் ஒரு சிறுமி.

இவ்வளவு கடன் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு போர்களால் வந்தது. 1778இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் நின்று பிரிட்டனோடு போரில் இறங்கியதற்கு மட்டும் 100 கோடி முதல் 130 கோடி லிவர் வரை ஆனது. நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் புதிய வரி போடாமல் கடன் வாங்கியே போரை நடத்தினார். 1781இல் அவர் வெளியிட்ட கணக்கில் சுமார் 1 கோடி லிவர் மிச்சம் இருப்பதாகக் காட்டினார். போர்ச் செலவைத் தனிக் கணக்கு என்று ஒதுக்கிவிட்டதால் வந்த மிச்சம் அது. இதன் விளைவு ஆழமானது. 1787இல் நிதிப் பொறுப்பில் இருந்த கலோன் பெரிய பற்றாக்குறை இருக்கிறது என்றபோது, "ஆறு வருடத்துக்கு முன் மிச்சம் இருந்ததே, நடுவில் யார் தின்றது?" என்று எல்லோரும் கேட்டார்கள். அரசின் கணக்கை யாரும் நம்பாத நிலை அன்றே வந்துவிட்டது.

கடன் வாங்கிய விதத்தையும் ஒரு பத்தியில் சொல்லுங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறாக அது போதும். பிரெஞ்சு அரசு ஆயுள் ஆண்டுத்தொகைப் பத்திரங்களை விற்றது. பணம் போட்டவர் ஒருவரின் பெயரைக் குறிப்பிடலாம். அந்த நபர் உயிரோடு இருக்கும் வரை ஆண்டுதோறும் பணம் வரும். குறிப்பிடப்படுபவரின் வயது என்ன என்று அரசு பார்க்காமல், குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே விகிதம் கொடுத்தது. 10 சதவீதம் வரைகூடப் போனது. ஜெனீவா வங்கியாளர்கள் இதைச் சட்டெனப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல குடும்பத்துச் சிறுமிகள், அம்மை கண்டு பிழைத்தவர்கள் அல்லது அம்மைக் காப்பு போட்டவர்கள், இப்படி முப்பது பேரைப் பொறுக்கி எடுத்து அவர்கள் பெயரில் பத்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். அந்தச் சிறுமிகள் நெடுங்காலம் வாழ்வார்கள். பிரெஞ்சுக் கஜானா அவ்வளவு காலமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். பிரிட்டனுக்கும் கடன் மலையளவு இருந்தது. ஆனால் அங்கே நாடாளுமன்றம் வரியைக் காட்டிக் கடனுக்குப் பொறுப்பேற்றது. கடன் கொடுத்தவர்கள் குறைந்த வட்டிக்கு ஒப்புக்கொண்டார்கள். பிரான்சில் மன்னர் நினைத்தால் வட்டியை வெட்டலாம், முன்பு வெட்டியும் இருக்கிறார்கள். அந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி கேட்டார்கள். ஆகவே "கடன் அதிகம்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். யாருடைய ஒப்புதலோடு வரி போடுவது என்று தெரியாத அரசுக்குக் கடன் அதிகம் என்று எழுதுங்கள். அடுத்த பகுதிக்கு அந்த வாக்கியமே கதவைத் திறந்துவிடும்.

வரிப் பிரச்சினை ஓட்டுப் பிரச்சினை ஆன கதை

இந்தப் பகுதியில் தேதிகள்தான் சரக்கு. வரிசை தப்பினால் காரணமே தப்பிவிடும்.

1787 பிப்ரவரி 22: கலோன் பிரமுகர் மன்றத்தைக் கூட்டி, எல்லா நிலத்துக்கும் வரி என்றார்; மன்றம் மறுத்தது, ஏப்ரலில் அவர் பதவி போனது. பின்னால் வந்த பிரியேனும் கிட்டத்தட்ட அதே திட்டத்தையே கொண்டுவந்தார். பாரிஸ் பார்லமான் ஏற்கவில்லை. (பார்லமான் என்பது உயர் நீதிமன்றம், மன்னரின் ஆணைகளைப் பதிவு செய்யும் உரிமை அதற்கு இருந்தது. நாடாளுமன்றம் என்று மொழிபெயர்த்தால் கதை முழுவதும் குழம்பிப்போகும்.) புதிய வரிக்கு எஸ்டேட்ஸ் ஜெனரல்தான், அதாவது மதகுருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் (மூன்றாம் எஸ்டேட்) என்ற மூன்று பிரிவுகளின் பிரதிநிதிகள் கூடும் சபைதான், ஒப்புதல் தர முடியும் என்றது அது. 1614க்குப் பிறகு கூடாத சபை! 1788 மே மாதம் பார்லமான்களின் அதிகாரத்தைப் பறிக்கும் ஆணைகள் வந்தன. ஜூன் 7 அன்று கிரெனோபிள் நகர மக்கள் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கிப் படைவீரர்கள் மேல் எறிந்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று, அடுத்த ஆண்டு எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடும் என்று அரசு அறிவித்தது. ஆகஸ்ட் 16 அன்று ரொக்கம் தீர்ந்து, கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியைக் காகிதப் பத்திரமாகத் தருவதாகச் சொல்லிவிட்டது. சில நாள்களில் நெக்கர் திரும்ப அழைக்கப்பட்டார்.

முதலில் மன்னரை எதிர்த்தவர்கள் பிரபுக்களும் நீதிபதிகளும்தான் என்பதைக் கவனியுங்கள். ஏழைகள் எழுந்து மன்னரை வீழ்த்தினார்கள் என்று ஒரே மூச்சில் எழுதுபவர்கள் இந்தப் பதினெட்டு மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அதனால் மேல்தட்டுக்குள் விழுந்த விரிசல் கண்ணிலேயே படுவதில்லை.

1788 செப்டம்பர் 25 அன்று எல்லாம் திசைமாறியது. எஸ்டேட்ஸ் ஜெனரல் 1614இல் கூடிய முறைப்படியே கூட வேண்டும் என்று பாரிஸ் பார்லமான் தீர்ப்பளித்தது. அப்படியென்றால் மதகுருமாருக்கு ஒரு ஓட்டு, பிரபுக்களுக்கு ஒரு ஓட்டு, மீதி எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஓட்டு. இரண்டுக்கு ஒன்று என்று எப்போதும் தோல்விதான். நேற்றுவரை மக்களின் காவலனாகக் கொண்டாடப்பட்ட நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் பெயரைக் கெடுத்துக்கொண்டது. துண்டுப் பிரசுரங்கள் குவிந்தன. மூன்றாம் எஸ்டேட்தான் நாடு என்று 1789 ஜனவரியில் அபே சியேஸ் என்ற பாதிரியார் எழுதியது அவற்றில் பெயர்பெற்றது. அதற்கு முன்பே, 1788 டிசம்பர் 27 அன்று, மூன்றாம் எஸ்டேட்டின் உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் தலைக்கு ஒரு ஓட்டா, பிரிவுக்கு ஒரு ஓட்டா என்பதை முடிவு செய்யவில்லை. எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு எண்ணும் முறையை மாற்றாமல் விட்டது ஆறு வாரச் சண்டைக்கு வழி செய்தது: 1789 மே 5 அன்று சபை கூடியது, ஜூன் 17 அன்று மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்தது, ஜூன் 20 அன்று அரங்கம் பூட்டியிருந்ததால் டென்னிஸ் மைதானத்தில் உறுதிமொழி எடுத்தது.

ரொட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்

"விலைவாசி உயர்ந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பாரிஸில் ஏழைகளின் சாப்பாடு நான்கு பவுண்டு ரொட்டி, நம் அளவில் கிட்டத்தட்ட 2 கிலோ. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளுக்கு இரண்டு வேண்டும். சாதாரண காலத்தில் ஒன்று 8 சூ. (20 சூ சேர்ந்தால் 1 லிவர்.) கட்டட வேலை செய்யும் கூலியாளுக்கு நாளுக்கு 20 முதல் 30 சூ, நடுவில் 25 என்று வைப்போம்.

வாரத்தில் ஆறு நாள் வேலை கிடைத்தால் 150 சூ. ரொட்டி ஏழு நாளும் வேண்டும்: 2 × 8 × 7 = 112 சூ. வாடகை, விறகு, துணிமணி எல்லாவற்றுக்கும் 38 சூ மிச்சம். இழுத்துப் பிடித்து ஓட்டலாம்.

1788 ஜூலை 13 அன்று பாரிஸ் சுற்றுவட்டாரம் உட்பட வட பிரான்சின் வயல்களில் ஆலங்கட்டி மழை கொட்டி விளைச்சலை அழித்தது. அந்தக் குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்து, தண்ணீர் ஆலைகள் மாவரைக்க முடியாமல் நின்றன. 1789 பிப்ரவரியில் ஒரு ரொட்டி 14.5 சூ ஆனது. இப்போது 2 × 14.5 × 7 = 203 சூ. கூலி அதே 150. ரொட்டிக்கு மட்டுமே 53 சூ போதவில்லை. மனைவியின் வருமானத்தை இதில் சேர்க்கவில்லை, திருவிழா விடுமுறைகளைக் கழிக்கவும் இல்லை. அதைக் கட்டுரையிலும் சொல்லிவிடுங்கள், கணக்கின் எல்லை வாசகருக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து அடுத்த கண்ணியைக் கோக்கலாம். வருமானம் முழுவதும் ரொட்டிக்கே போனால் துணி வாங்க ஆள் இல்லை. 1786இல் பிரிட்டனோடு போட்ட வணிக ஒப்பந்தத்தால் ஆங்கிலத் துணி மலிவாக வந்து இறங்கி, ருவான், அமியான் போன்ற நெசவு ஊர்கள் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தன. விலை ஏறிய நேரத்திலேயே வேலையும் போனது. 1789 ஏப்ரல் 27, 28 தேதிகளில் பாரிஸ் புறநகரில் ரெவேயோன் என்ற சுவர்த்தாள் உற்பத்தியாளரின் இடங்கள் சூறையாடப்பட்டன. தொழிலாளி 15 சூவில் வாழலாம் என்று அவர் சொன்னதாகப் பரவிய பேச்சே போதுமானதாக இருந்தது. இரண்டு ரொட்டியே 29 சூ விற்ற மாதத்தில் அந்தப் பேச்சு எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

1775ஐ வைத்து உரசிப் பாருங்கள்

1774இல் அன்றைய நிதிப் பொறுப்பாளர் துர்கோ தானிய வணிகத்தின் கட்டுப்பாடுகளை நீக்கினார். அந்த ஆண்டு விளைச்சல் மோசம். 1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டி 13 சூவைத் தாண்டியது, 1789 விலைக்கு வெகு அருகில். சந்தைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் நூற்றுக்கணக்கான கலவரங்கள் நடந்தன. மாவுப் போர் என்று அதற்குப் பெயர். சில வாரங்களில் அடங்கிவிட்டது. உங்கள் தாளில் பேனாவால் எழுதிய ஒவ்வொரு வரியையும் 1775க்கு நேராக வைத்துக் கேளுங்கள்: இது அன்று இருந்ததா?

பசி இருந்தது. சமமற்ற வரி இருந்தது. ஆனால் கஜானா படைகளுக்குக் கூலி கொடுத்தது, படைகள் கீழ்ப்படிந்தன, பிரபுக்களும் நீதிபதிகளும் மன்னரை எதிர்த்து அணி திரளவில்லை, தேர்ந்தெடுத்த சபை ஒன்று கூடியிருக்கவில்லை. இந்த நான்கு வேறுபாடுகளே கட்டுரையின் முதுகெலும்பு. பசி மட்டும் இருந்தால் மாவுப் போர் வரும். பசி, காலியான கஜானா, பிளந்துபோன மேல்தட்டு, கூடியிருக்கும் சபை எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது 1789இல்.

இரண்டு ஓட்டங்கள் சேரும் இடம்

வெர்சாயில் நடந்தது ஓட்டுச் சண்டை; பாரிஸில் நடந்தது ரொட்டிச் சண்டை. இரண்டும் எங்கே சேர்ந்தன என்று காட்டாத கட்டுரை இரண்டு தனிக் கட்டுரைகளாகத்தான் நிற்கும். சேர்த்துவைத்தது ஒரு நம்பிக்கை: பெரியவர்கள் தானியத்தைப் பதுக்கி மக்களைப் பட்டினி போடச் சதி செய்கிறார்கள் என்பது. பழைய நம்பிக்கைதான். 1789 ஜூலையில் பாரிஸைச் சுற்றிப் படைகள் வந்து இறங்கியபோது, சபையையும் மக்களையும் ஒரே கை நசுக்கப் பார்க்கிறது என்று அது புது வடிவம் எடுத்தது.

ஜூலை 11 அன்று மன்னர் நெக்கரை நீக்கினார். செய்தி பாரிஸுக்கு வந்தது 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாமல் நகரமே தெருவில் இருந்தது. அன்று இரவே நகர எல்லையில் உணவுப் பொருள்களுக்கும் மதுவுக்கும் சுங்கம் வசூலித்த சாவடிகளை எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். 14ஆம் தேதி காலை அன்வாலிட் கிடங்கிலிருந்து சுமார் 30,000 துப்பாக்கிகளை எடுத்தார்கள். வெடிமருந்து போதவில்லை, அது பாஸ்டில் கோட்டையில் இருந்தது. கைதிகளை விடுவிக்கப் போனார்கள் என்று எழுதாதீர்கள். உள்ளே இருந்தவர்கள் ஏழே பேர். கோட்டையைச் சாய்த்தது பிரெஞ்சுக் காவல்படையின் வீரர்கள் பீரங்கியோடு மக்கள் பக்கம் வந்ததுதான். அவர்களில் பலர் பாரிஸிலேயே குடியிருந்து, அதே விலைக்கு ரொட்டி வாங்கியவர்கள். படை கைவிட்ட அந்த நொடியைத் தனிக் காரணமாக எழுதுங்கள். பெரும்பாலான பட்டியல்களில் அது இருப்பதே இல்லை.

பென்சில் வரிகளை என்ன செய்வது?

தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொன்றும் யார் கையில் ஆயுதமானது என்று காட்டினால் போதும். தத்துவவாதிகளை எடுத்துக்கொண்டால், ரூசோவைப் படித்துவிட்டு யாரும் பாஸ்டிலுக்குப் போகவில்லை. ஆனால் "தேசம்", "குடிமகன்" போன்ற சொற்களை வழக்கறிஞர்களும் பார்லமான்களும் பல ஆண்டுகளாகப் புழங்கியிருந்ததால்தான், ஜூன் 17 அன்று தேசிய சபை என்ற பெயர் வாயில் வந்தது. அதற்கு மேல் தத்துவத்தின் மேல் பாரம் ஏற்றாதீர்கள்.

வரியில் ஒரு திருத்தம் தேவை. மூன்றாம் எஸ்டேட் மட்டுமே வரி கட்டியது என்பது பாடநூல் சுருக்கம். தைலே என்ற நேரடி வரியிலிருந்து பிரபுக்கள் விலக்குப் பெற்றது உண்மை. வேறு சில வரிகளை அவர்களும் குறைத்துக் கட்டினார்கள். பாரிஸ் போன்ற நகரங்களின் பணக்காரர்களும் தைலேயிலிருந்து தப்பினார்கள். இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடும் எரிச்சலைக் கிளப்பியது. உப்பு வரி பிரான்சின் பிரிட்டனி மாகாணத்தில் கிடையாது. அதிக வரி வட்டாரத்தில் உப்பு அதைவிட 20 மடங்குக்கும் மேல் விலை விற்றது.

கிராமத்தைச் சொல்ல ஒரு புறாக்கூடு போதும். நிலப்பிரபுவுக்கு மட்டுமே புறாக்கூடு வைக்கும் உரிமை. அந்தப் புறாக்கள் உழவன் விதைத்த விதையைக் கொத்தித் தின்னும், அவன் அடிக்கக் கூடாது. 1789 வசந்தத்தில் மனு எழுதச் சொன்னபோது இதை எழுத்தில் கொடுத்தார்கள். குறையைக் கேட்டதே தீர்வு வரும் என்ற எதிர்பார்ப்பை வளர்த்தது. ஜூலை கடைசியில், கொள்ளையர் வருகிறார்கள் என்ற வதந்தி பரவிய நாள்களில், பல இடங்களில் மாளிகைக்குள் புகுந்து, நிலப்பிரபுவுக்குச் செலுத்த வேண்டியவற்றைப் பதிந்த பத்திரங்களை எரித்தார்கள். ஆகஸ்ட் 4 இரவுக்குப் பின் சபை போட்ட ஆணையில் புறாக்கூட்டு உரிமைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பென்சில் வரி ஒன்றுக்கு நான்காவது கட்டம் நிரம்புவது இப்படித்தான்.

எழுதி முடித்ததும்

ஆயிரம் சொல் கட்டுரை என்றால் கஜானாவுக்கு 250, ஓட்டுச் சண்டைக்கு 250, ரொட்டிக்கு 200, 1775 ஒப்பீட்டுக்கு 100, ஜூலை நாள்களுக்கு 150, மீதி 50 பென்சில் வரிகளுக்கு. இடம் பற்றவில்லையென்றால் தத்துவத்தை வெட்டுங்கள், ஒப்பீட்டில் கை வைக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு பத்தியிலும் ஆண்டு எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். 1775க்கும் அப்படியே பொருந்தும் பத்தி கண்ணில் பட்டால் அதில் ஒரு தேதியோ, ஒரு தொகையோ, யாரோ செய்த ஒரு செயலோ விடுபட்டிருக்கிறது. தாளின் நான்காவது கட்டத்துக்குப் போய் அதை எடுத்துவந்து சேருங்கள்.